ஆத்திசூடியா, கதையா, குறளா? தொடக்கப் பள்ளியில் அறம் கற்பிக்க எதை எடுப்பது

'இயல்வது கரவேல்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, கரவேல் என்றால் என்ன என்று இரண்டாம் வகுப்பில் கேட்டேன். முதல் வரிசையில் இருந்த ஒரு பையன் தயங்காமல் எழுந்து, "முருகன் கையில் இருக்கும் வேல், டீச்சர்" என்றான். வகுப்பு முழுவதும் ஆமாம் என்று தலையாட்டியது. அவன் கணக்கில் பிழை இல்லை. கரம் என்றால் கை. கையில் இருக்கும் வேல் கரவேல். அதற்கு முந்தைய வாரம்தான் அந்த வகுப்பு உயிரெழுத்து, ஆய்த வரிகள் பதின்மூன்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்துப் பாராட்டு வாங்கியிருந்தது.

அவன் இந்நேரம் கல்லூரியையே முடித்திருப்பான். அவனுடைய பதிலை மட்டும் நான் விட்டுவிடவில்லை. தொடக்கப் பள்ளியில் பணியாற்றிய ஆண்டுகளில், பழைய நூல்களை வைத்து அறம் கற்பிக்கும் வழிகள் என்று நம்மிடம் இருப்பவற்றை எல்லாம் வெவ்வேறு வகுப்புகளில் முயன்று பார்த்திருக்கிறேன். இப்போது இளம் ஆசிரியர்கள் கேட்கிறார்கள்: "நன்னெறிக்கு வாரம் ஒரு பாடவேளை ஒதுக்கியிருக்கிறார்கள், எதிலிருந்து தொடங்கலாம்?" பேரப்பிள்ளைகளை மாலையில் பார்த்துக்கொள்ளும் தாத்தா பாட்டிகளும் இதையே கேட்கிறார்கள். ஆறு வயது முதல் பத்து வயது வரையுள்ள குழந்தைகளை மனத்தில் வைத்து, நான் கண்டதைச் சொல்கிறேன்.

ஒவ்வொரு வழியையும் நான் சில கேள்விகளை வைத்தே எடைபோடுவேன். குழந்தைக்கு அதன் சொல் புரிகிறதா? புரிந்ததை அந்த வாரத்துக்குள்ளேயே செய்து பார்க்க இடம் இருக்கிறதா? வகுப்பில் இருக்கும் எந்தக் குழந்தையையாவது அது தலைகுனிய வைக்கிறதா? கடைசியாக, ஒரே அறையில் இரண்டு மூன்று வகுப்புகளைச் சேர்த்து நடத்தும் ஈராசிரியர் பள்ளியிலும் அதை நடத்த முடியுமா? இந்தக் கடைசிக் கேள்வியை நகரத்துத் தனியார் பள்ளிகளை மட்டும் பார்த்தவர்கள் கேட்பதில்லை.

ஆத்திசூடியும் மனப்பாடமும்

முதலில் ஆத்திசூடி. 109 வரிகள், ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று சொற்கள், அகர வரிசையில். இந்த வரிசை வெறும் அலங்காரம் இல்லை. எழுத்துக் கற்கும் குழந்தைக்கு எழுத்தும் அறமும் ஒரே நேரத்தில் வாய்க்க வேண்டும் என்று எண்ணிச் செய்த நூல் இது. டகரத்தில் தமிழ்ச் சொல் தொடங்காது என்பதால் 'இடம்பட வீடு எடேல்' என்று ட இரண்டாம் எழுத்தாக வரும்படி அமைத்திருக்கிறார் ஔவை. ண-வுக்கு 'இணக்கம் அறிந்து இணங்கு', ழ-வுக்கு 'அழகு அலாதன செய்யேல்'. குழந்தையின் நாவுக்கும் காதுக்கும் ஏற்றபடி இவ்வளவு நுணுக்கமாகச் செய்த தொடக்க நூல் நமக்கு வேறு இல்லை.

வரிகளின் உள்ளேயும் நுணுக்கம் உண்டு. முதல் வரி 'அறம் செய்' என்று கட்டளையிடவில்லை. 'அறம் செய விரும்பு' என்கிறது. விருப்பம் வந்தால் செயல் பின்னால் வரும் என்று ஏழு வயதுக் குழந்தையை நம்பும் வரி அது. இரண்டாவது வரியும் கோபப்படாதே என்று சொல்லவில்லை. 'ஆறுவது சினம்' என்கிறது. சினம் வரும், அது ஆற வேண்டியது. வகுப்பில் பென்சிலுக்காக அடித்துக்கொண்ட இருவரைப் பிரித்து உட்கார வைத்து, "கோபப்பட்டது தப்பு" என்று சொன்னால் இருவரும் அழுவார்கள். "சூடான பால் மாதிரி அது ஆறட்டும், அப்புறம் பேசலாம்" என்றால் காத்திருப்பார்கள். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

குறை எங்கே என்றால், மொழியில். விலக்கேல், விளம்பேல், கைவிடேல் என்று 'ஏல்' ஈற்றில் முடியும் விலக்கு ஏவல்கள் நூல் முழுக்க நிரம்பிக் கிடக்கின்றன. அந்த ஈறு இன்று யார் வாயிலும் இல்லை. வீட்டில் "மறைக்காதே" என்று கேட்டு வளரும் குழந்தைக்குக் 'கரவேல்' வேலாகத்தான் கேட்கும். சொல் அப்படியே இருந்து பொருள் நகர்ந்துவிட்ட இடங்களும் உண்டு. 'நன்றி மறவேல்' என்பதில் நன்றி என்பது ஒருவர் நமக்குச் செய்த நன்மை. நம் குழந்தைகளுக்கோ நன்றி என்றால் பொருளை வாங்கிக்கொண்டு சொல்லும் ஒரு சொல். நன்றி சொல்ல மறக்காதே என்றே வகுப்பு முழுவதும் புரிந்துகொள்ளும், ஆசிரியரும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்.

இதற்காக மனப்பாடமே வேண்டாம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஆறு வயதில் நாவில் ஏறிய ஓசை இறங்குவதே இல்லை. அந்த வயதில் பொருளைவிட ஓசைதான் முதலில் உள்ளே போகிறது, அதை வீணாக்கக் கூடாது. நான் கண்ட பிழை வேகத்தில் இருக்கிறது. பரிசு விழாவுக்காக ஒரே மாதத்தில் 109 வரியையும் திணிக்கிறோம். கணக்குப் போட்டுப் பாருங்கள். கல்வியாண்டில் ஏறத்தாழ 40 வாரம். வாரம் ஒரு வரி என்று வைத்தால் மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் முழு ஆத்திசூடியும் முடிந்துவிடுகிறது, அதற்கு மேலும் வாரங்கள் மிஞ்சுகின்றன. ஒரு வரிக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவசரம் எதற்கு?

முழு ஆத்திசூடி என்றேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். 'தையல் சொல் கேளேல்' என்ற வரியை நான் தொடக்கப் பள்ளியில் சொல்லிக்கொடுத்ததில்லை. தையல் என்றால் பெண். பெண்கள் பாதிப்பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில், ஒரு பெண் ஆசிரியை நின்றுகொண்டு, பெண் சொல்வதைக் கேட்காதே என்று எப்படிச் சொல்வது? தைக்கிற சொல், அதாவது புண்படுத்தும் சொல் என்று வேறு பொருள் சொல்லி அந்த வரியைக் காப்பாற்ற முயல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது நேர்மையாகப் படவில்லை. 'மைவிழியார் மனை அகல்' என்பதும் எட்டு வயதுக்கு உரியதில்லை. கொன்றை வேந்தனின் 91 வரிகளில் 'உண்டி சுருங்குதல் பெண்டிர்க்கு அழகு' என்று ஒன்று வருகிறது. ரத்தச்சோகையோடு பள்ளிக்கு வரும் பெண் குழந்தைகளைப் பார்த்த எவரும் அதைக் கரும்பலகையில் எழுத மாட்டார்கள். இவற்றை நூலிலிருந்து கிழித்தெறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உயர்நிலை வகுப்பில், அந்தக் காலம் எப்படி இருந்தது என்று விவாதிக்க அவை பயன்படும். குழந்தை நம்பி வாய்விட்டுச் சொல்லும் வயதில் மட்டும் வேண்டாம்.

அந்தக் காலத்துத் திண்ணைப் பள்ளியே உயர்ந்தது, அதற்கே திரும்பலாம் என்று உருகுபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பள்ளிகளின் திறமை உண்மையானது. சென்னை மாகாணத்தில் தாமஸ் மன்றோ 1822-இல் தொடங்கிய கணக்கெடுப்பு 12,498 பள்ளிகளைக் காட்டியது. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் எழும்பூர் அநாதை இல்லத்தில் பணியாற்றியபோது, நம் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்து அதைத் தன் பள்ளிக்கு எடுத்துக்கொண்டார். மூத்த மாணவரே இளைய மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையையும் சேர்த்து 1797-இல் லண்டனில் அவர் வெளியிட்ட நூலால் 'மெட்ராஸ் முறை' அங்கே பரவியது. இதில் பெருமைப்படலாம். ஆனால் அதே திண்ணையில்தான் கையைக் கட்டிக் கூரையில் தொங்கவிடும் கோதண்டம் என்ற தண்டனையும் இருந்தது. பெண்பிள்ளைகள் அரிதாகவே அங்கே இருந்தார்கள். ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்குத் திண்ணையில் இடம் இல்லை. 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்று நல்வழியில் ஔவை பாடி வைத்ததை, அந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுத்த இடத்திலேயே மறந்தார்கள். முறையை எடுத்துக்கொள்வோம், அந்தச் சுவரை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உலகநீதியைப் பற்றி ஓரிரு சொல். 'ஓதாமல் ஒருநாளும் இருக்க வேண்டாம்' என்று எளிய மொழியில் ஓடும், குழந்தைக்கு உடனே புரியும். ஆனால் வரிக்கு வரி 'வேண்டாம், வேண்டாம்' என்றே போவது கொஞ்ச நேரத்தில் சலிப்பைத் தருகிறது. பெரும்பாலான பாட்டுகள் முருகனை வாழ்த்தி முடிகின்றன. முழுக்க அரசு நிதியில் நடக்கும் பள்ளியில் சமயப் போதனை கூடாது என்பது அரசமைப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு. பல சமயக் குழந்தைகள் சேர்ந்து உட்காரும் வகுப்பில் ஆத்திசூடியே இதைவிட வசதி. உலகநீதி வீட்டுக்கு, அதுவும் விரும்பும் வீட்டுக்கு.

ஔவையின் பக்கத்தில் பாரதி

நான் கண்டுகொண்ட மிக நல்ல வகுப்புகள் பழைய ஆத்திசூடியையும் பாரதியின் புதிய ஆத்திசூடியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியபோது நடந்தவை. ஔவை 'தொன்மை மறவேல்' என்கிறார். பாரதி 'தொன்மைக்கு அஞ்சேல்' என்கிறார். ஔவையிடம் 'ஆறுவது சினம்', பாரதியிடம் 'ரௌத்திரம் பழகு'. அங்கே 'மீதூண் விரும்பேல்', இங்கே 'ஊண்மிக விரும்பு'. நான் சொல்லிக்கொடுக்காமல் விட்ட அந்தத் தையல் வரிக்கும் பதில் பாரதியிடம் இருக்கிறது: 'தையலை உயர்வு செய்'.

ஐந்தாம் வகுப்பில் இந்த இணைகளை எழுதிவிட்டு, யார் சொல்வது சரி என்று கேளுங்கள். அன்று பாடவேளை முடிவதற்கு மணி அடித்தாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அதிகமாகச் சாப்பிடாதே என்று ஒருவர், நிறையச் சாப்பிடு என்று இன்னொருவர் சொல்கிறாரே என்று கேட்டபோது ஒரு பெண் சொன்னாள்: "ஔவையார் சொன்னது தாத்தாவுக்கு, பாரதியார் சொன்னது எங்களுக்கு." அறம் ஆளுக்கும் வேளைக்கும் ஏற்பப் பொருந்த வேண்டியது என்பதை இதைவிடச் சுருக்கமாக நான் கேட்டதில்லை.

ஆனால் பாரதியை மட்டும் தனியாக எடுத்து முதல் வகுப்பில் தொடங்கினால் அது சரிவராது என்பது என் அனுபவம். 110 வரிகளில் பெரும்பாலானவை நிமிர்ந்து நிற்கக் கற்பிப்பவை. அச்சம் தவிர்த்தல், ஏறுபோல் நடத்தல், கொடுமையை எதிர்த்து நிற்றல். அடிமைப்பட்ட ஒரு நாட்டுக்குச் சொன்ன மருந்து அது. ஆறு வயதுக் குழந்தைக்கு முதலில் பக்கத்தில் இருப்பவனோடு பகிர்ந்துகொள்ளத் தெரிய வேண்டும், அழுபவளைக் கண்டால் நின்று கவனிக்கத் தெரிய வேண்டும். 'ரௌத்திரம் பழகு' என்று இரண்டாம் வகுப்பில் நான் சொல்லிக்கொடுத்த வாரத்தில் விளையாட்டுத் திடலில் நடந்ததை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

கதைகள்

கதை சொல்லலாம், குழந்தைக்குக் கதைதான் பிடிக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் எந்தக் கதை என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இங்கே நாம் கொஞ்சம் கவனமில்லாமல் இருக்கிறோம் என்று எனக்குப் படுகிறது.

மனுநீதிச் சோழன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் ஓட்டிய தேரில் கன்று அடிபட்டுச் சாகிறது. தாய்ப் பசு ஆராய்ச்சி மணியை அடிக்கிறது. அரசன் தன் மகனைத் தேர்க்காலில் இடுகிறான். திருவாரூரில் இதற்குக் கல்தேரே நிற்கிறது. நீதிக்கு இதைவிட உயர்ந்த கதை நம்மிடம் இல்லை என்று நினைத்து முதல் வகுப்பில் உணர்ச்சி பொங்கச் சொன்னேன். ஒரு குழந்தை கேட்டது: "அந்த அண்ணன் வேண்டுமென்றா ஏற்றினான்?" நான் பதில் தேடிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஒரு தாய் வந்து, மகன் இரவெல்லாம் தூங்காமல், "அப்பா என் மேல் வண்டி ஏற்றுவாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான் என்றார். அதோடு அந்தக் கதையை ஐந்தாம் வகுப்புக்குத் தள்ளிவிட்டேன். புறாவுக்காகத் தன் சதையை அரிந்து கொடுத்த சிபியும், தன் கையைத் தானே வெட்டிக்கொண்ட பொற்கைப் பாண்டியனும் கூடவே போனார்கள். நம் பழைய அறக் கதைகளில் ரத்தம் நிறைய. பெரியவர்களின் மனச்சான்றை உலுக்கச் சொன்னவை அவை. குழந்தைக்கு அறத்தைவிடப் பயம்தான் முதலில் போய்ச் சேரும்.

பாரி முல்லைக்குத் தேர் கொடுத்த கதை அப்படியில்லை. அதைச் சொன்னதும் மூன்றாம் வகுப்பு விவாத மன்றமாக மாறியது. ஒரு குச்சியை நட்டிருந்தால் போதாதா என்றான் ஒருவன். குதிரைகள் எப்படி வீட்டுக்குப் போகும் என்று ஒரு பெண் கவலைப்பட்டாள். இரண்டுமே நல்ல கேள்வி. கணக்குப் பார்க்காமல் கொடுப்பதற்குக் கொடைமடம் என்று நம் முன்னோர் பெயரே வைத்து, அதைக் குறையாகக் கருதாமல் புகழ்ந்தார்கள். கணக்கே பார்க்காமல் எப்போதாவது எதையாவது கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். முப்பது பேரும் ஏதோ ஒன்றைச் சொன்னார்கள். அவற்றில் பாதி கற்பனையாகவே இருந்தாலும், தன்னைக் கொடுப்பவனாகக் கற்பனை செய்துகொள்ளும் குழந்தை ஓரடி முன்னால் போய்விட்டது.

அதியமான் நெல்லிக்கனி கொடுத்த கதையைச் சொல்லும்போது ஒரு திருத்தம் செய்துகொள்ளுங்கள். கனி பெற்ற சங்க கால ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. இடையே பல நூற்றாண்டு இருக்கிறது. இருவரையும் ஒருவராக்கிச் சொல்வது வழக்கமாகிவிட்டது. உண்மை பேசு என்று சொல்லும் வகுப்பில் இந்தச் சின்ன உண்மையையும் காப்பாற்றலாம்.

பஞ்சதந்திரத்தை நான் அறப் பாடவேளையில் வைப்பதில்லை. குழந்தைகள் ரசிக்கும், நானும் ரசித்துச் சொல்வேன். ஆனால் அது பிழைக்கத் தெரிந்தவனின் நூல். இளவரசர்களுக்கு அரசியல் சூழ்ச்சி கற்பிக்க எழுந்தது. முதலையிடம் இதயத்தை மரத்தில் வைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பும் குரங்கிடம் சமயோசிதம் இருக்கிறது. அதை நல்லொழுக்கம் என்று பெயர் மாற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மொழிப் பாடத்தில் தாராளமாக வைக்கலாம்.

குறளும் மூதுரையும்

திருக்குறளிலிருந்து தொடங்கினால் என்ன என்று பெற்றோர் பலர் கேட்பார்கள். ஏழு சீர், உலகப் புகழ், மேடையில் சொன்னால் கைதட்டல். 1,330 குறளையும் ஒப்பிக்கும் மாணவர்களுக்கு அரசின் முற்றோதல் பரிசும் உண்டு. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2016-இல், அறத்துப்பால், பொருட்பாலின் 108 அதிகாரங்களையும் 6 முதல் 12 வரையான வகுப்புகளில் கற்பிக்க வழி செய்யும்படி சொன்னது. அந்த வகுப்பு வரம்பைக் கவனியுங்கள். ஆறாம் வகுப்பிலிருந்துதான். அதில் ஒரு பக்குவம் இருக்கிறது.

காரணத்தை என் வகுப்பிலேயே பார்த்தேன். வாய்மை அதிகாரத்தைத் தொடர்ச்சியாக நடத்தினேன். 'பொய்மையும் வாய்மை யிடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்' என்ற குறளை விளக்கியதற்கு மறுநாள், வீட்டுப்பாடம் எழுதாமல் வந்த ஒரு நான்காம் வகுப்புப் பையன், நோட்டுப் புத்தகத்தை ஆடு தின்றுவிட்டது என்றான். பொய் என்று இருவருக்கும் தெரியும். "நீங்கள் வருத்தப்படக் கூடாது என்றுதான் டீச்சர், நன்மைக்காகத்தான்" என்றான். வள்ளுவர் 'புரைதீர்ந்த', அதாவது குற்றமற்ற, என்று போட்ட பூட்டு ஒன்பது வயதுக்குத் தெரிவதில்லை. குறள் வளர்ந்த அறிவோடு பேசும் நூல். குழந்தைக்கு அதிகாரம் அதிகாரமாகக் கொடுக்காமல், படம் காட்டும் குறள்களாகப் பொறுக்கிக் கொடுக்கலாம். பழம் இருக்கக் காயைப் பறித்துத் தின்பவன், தோண்டுபவனையும் தாங்கும் நிலம், ஆறாத நாச்சுட்ட வடு. ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து முப்பது நாற்பது குறள் போதும். முற்றோதல் ஆசை பெற்றோருடையதா, குழந்தையுடையதா என்று கொஞ்சம் நிதானித்துப் பாருங்கள்.

படம் காட்டுவதில் குறளையும் மிஞ்சும் தொடக்கப் பள்ளி நூல் மூதுரை. இதை ஏன் பலர் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே புரியவில்லை. முப்பது வெண்பாக்கள்தான். முதல் பாட்டிலேயே,

நன்றி ஒருவற்குச் செய்தக்கால் அந்நன்றி
என்று தருங்கொல் எனவேண்டா - நின்று
தளரா வளர்தெங்கு தாளுண்ட நீரைத்
தலையாலே தான்தருத லால்

என்று ஒரு தென்னை நிற்கிறது. காலால் குடித்த நீரைத் தலையால் திருப்பித் தருகிறது. சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வளரும் குழந்தைக்கும் தெருமுனை இளநீர் வண்டி தெரியும். இளநீர் வாங்கிக் கையில் கொடுத்துவிட்டு, இந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் பாட்டு மனத்தில் ஏறிவிடும். உறுமீன் வரும்வரை காத்திருக்கும் கொக்கு, கல்மேல் எழுத்தும் நீர்மேல் எழுத்தும், மயிலைப் பார்த்து ஆடும் வான்கோழி என்று பாட்டுக்குப் பாட்டு படம்தான். நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியே புல்லுக்கும் போகிற பாட்டு மட்டும் நகரத்துக் குழந்தைக்குக் கடினம், அது வாய்க்காலையே பார்த்ததில்லை. கிராமத்துப் பள்ளியில் அந்த ஒரு பாட்டுக்காக வகுப்பை வயலுக்கே கூட்டிப்போகலாம்.

வெண்பா கொஞ்சம் நீளம் என்பதால் முதல் இரண்டு வகுப்புக்குப் பொருந்தாது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் இரண்டு வாரத்துக்கு ஒரு பாட்டு என்று வைத்தால், இரண்டு ஆண்டில் முப்பதும் முடிந்து திருப்பிப் பார்க்கவும் நேரம் இருக்கிறது.

மதிப்பெண் போடும் நீதிபோதனை வகுப்பை நான் ஒரு தேர்வாகவே கருதுவதில்லை. 'உண்மை பேசுவதன் நன்மைகள் ஐந்தினை எழுதுக' என்று கேட்டால், பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதி அதே பாடத்தில் முழு மதிப்பெண் வாங்கலாம். அறத்துக்கு மதிப்பெண் போடாத பள்ளியைத் தேடுங்கள்.

செய்கையில்

ஒழுக்கம் என்ற சொல் 'ஒழுகு' என்பதிலிருந்து வருகிறது. நீர் ஒழுகுவது போல விடாமல் நடந்துகொண்டே இருப்பது. வாரத்துக்கு ஒருநாள் நாற்பது நிமிடம் சொட்டுவது ஒழுக்கம் ஆகாது. இதனால்தான் நூலை விட்டுவிட்டுச் செய்கையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்களை எனக்குப் பிடிக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றட்டும், வகுப்பறையைத் துப்புரவாக வைக்கட்டும், சின்னவர்களுக்குப் பரிமாறட்டும் என்கிறார்கள்.

ஆனால் இதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது, கண்ணால் பார்த்திருக்கிறேன். பொறுப்பு என்ற பெயரில் துடைப்பம் எப்போதும் பெண் குழந்தைகளின் கைக்கும், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் கைக்குமே போகும். மணியடிக்கும் பொறுப்பு வேறு பிள்ளைக்குப் போகும். ஆசிரியர் நினைத்துச் செய்யாவிட்டாலும் அப்படித்தான் ஆகும். குழந்தைகள் அன்று கற்றுக்கொள்ளும் பாடம் பல ஆண்டுக்கு மறக்காது, அது அறம் அன்று. செய்கை வழியை எடுப்பவர்கள் வருகைப் பதிவேட்டின் வரிசைப்படி, எல்லா வேலையும் எல்லோருக்கும் சுழன்று வரும்படி எழுதிச் சுவரில் ஒட்டியே தீர வேண்டும். ஆசிரியரின் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். நான் துடைப்பம் எடுத்த நாளில்தான் என் வகுப்புப் பையன்கள் முணுமுணுப்பதை நிறுத்தினார்கள்.

சொல் இல்லாத செய்கை வெறும் வேலையாகவே நின்றுவிடுவதையும் பார்த்தேன். பரிமாறிய குழந்தைக்கு ஏன் பரிமாறினோம் என்று சொல்லிக்கொள்ள ஒரு வரி வேண்டும். அந்த வரிதான் பள்ளியை விட்டுப் போன பிறகும் கூடப் போகும்.

ஆகவே, ஈராசிரியர் பள்ளியில் ஒரே பாடவேளையோடு இருப்பவர் எதை எடுப்பது என்று கேட்டால் என் பதில் இது. ஒன்று முதல் மூன்று வரை தேர்ந்தெடுத்த ஆத்திசூடி வரிகள், வாரத்துக்கு ஒன்று, அந்த வரியோடு ஒட்டிய ஒரு செய்கை. மூன்று வகுப்பும் ஒரே அறையில் இருந்தாலும் ஒரே வரியைப் பாடலாம், பொருளைச் சொல்வது மூன்றாம் வகுப்பின் பொறுப்பு. நான்கிலும் ஐந்திலும் மூதுரை, இடையிடையே பாரதியின் எதிர்வரிகள், பொறுக்கிய குறள்கள். ரத்தமில்லாத கதைகள் எல்லா வகுப்புக்கும், ரத்தமுள்ளவை ஐந்தாம் வகுப்பின் கடைசி மாதங்களில். வீட்டில் கற்பிக்கும் தாத்தா பாட்டிக்கு இவ்வளவு திட்டம் தேவையில்லை. மூதுரை ஒன்று கையில் இருந்தால் போதும், மீதியைப் பேரப்பிள்ளையின் கேள்விகள் பார்த்துக்கொள்ளும்.

அகர வரிசையிலேயே தொடங்க வேண்டும் என்றும் இல்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டத்தால், இன்று குழந்தைகள் வகுப்புக்கு முன்னால் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். ஜூன் மாதம் முதல் வாரத்துக்கு 'ஐயமிட்டு உண்' என்ற வரியை எடுங்கள். வேண்டி நிற்பவருக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு உண் என்பது அதன் பொருள். அந்த வாரம் முழுக்க, ஐந்தாம் வகுப்பு முதல் வகுப்புக்குத் தட்டு வைத்து, தண்ணீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அப்புறம் உட்காரட்டும். வெள்ளிக்கிழமை கரும்பலகையில் அந்த இரண்டு சொல்லை எழுதி, இதை யார் செய்தார்கள் என்று முதல் வகுப்பைக் கேளுங்கள். அவர்கள் யாரைக் கைகாட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டு இரண்டாவது வாரத்தின் வரியைத் தேர்ந்தெடுங்கள்.